ஜமீல் சார் வரட்டும்

ஜென்சி வந்து நின்றபோது ஜமீல் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்தியவள் இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. விடிந்ததிலிருந்து தூறல். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் காட்டூர்த் தெரு பாதி காணாமல் போயிருந்தது. மீதிப் பாதியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஹெல்மெட்டின் கண்ணாடி ஆவி பிடித்து மங்கியிருந்தது. உள்ளேயிருந்து வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"சார், இன்னைக்குப் போறீங்கல்ல?"

"எங்க?" என்றான், தெரிந்துகொண்டே.

"சிண்டிகேட்டுக்கு. யூனிவர்சிட்டி செக்‌ஷன்ல கேட்டேன். ஆறு பேருதான் நேர்ல வரேன்னு சொல்லியிருக்காங்களாம். ஏழு பேரு இல்லாட்டி கூட்டம் கிடையாதாம். ஏழாவது ஆளு நீங்கதான் சார்."

"அஜெண்டால உங்க ஐட்டம் இருக்கா?"

"அம்பத்தெட்டு. இந்த மாசத்தோட என் டைம் முடியுது. இன்னைக்கு எக்ஸ்டென்ஷன் கிடைக்கலன்னா ரெஜிஸ்ட்ரேஷன் தானா கேன்சல் ஆயிரும். மறுபடி என்ட்ரன்ஸ் எழுதி மொதல்லேர்ந்து வரணுமாம்."

ஜென்சி அவன் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே விலங்கியல் பாடம் எடுப்பவள். கொள்ளிடத்து மீன்களைப் பற்றி ஏழு வருஷமாக ஆராய்ச்சி. நடுவில் கல்யாணம், குழந்தை, நெறியாளர் ஓய்வு பெற்றது, புது நெறியாளருக்கு அனுமதி வராமல் இழுத்தது என்று எல்லாம் ஆகி, ஆய்வேட்டை எழுதி முடித்த நேரத்தில் காலம் முடிந்துவிட்டது. டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு ஜூனுக்கு மேல் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இதெல்லாம் ஜமீலுக்குத் தெரியும். கல்லூரியில் எல்லோருக்குமே தெரியும்.

"ஹெல்மெட்டக் கழட்டிட்டுப் பேசுங்க. உள்ள வாங்க, டீ போடறேன்."

"வேணாம் சார். கழட்டினா அழுதுருவேன். மத்தியானம் எக்ஸாம் டியூட்டி இருக்கு. மூஞ்சி வீங்கிப்போய் நின்னா பசங்க சிரிப்பாங்க."

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையில் கத்தரிக்கோலும் பாலுமாக நின்றான். அவள் இரண்டு முறை தலையை ஆட்டினாள். யாருக்கு என்று தெரியாத ஆட்டல். வண்டியை உருட்டிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிப் போய்விட்டாள்.

சிண்டிகேட் என்கிற பொன்னிப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, சட்டத்தின்படி பெரிய குடும்பம். தலைவராகத் துணைவேந்தர். பதவியின் பேரால் வரும் அரசுச் செயலர்கள், இயக்குநர்கள். வேந்தர் நியமிக்கும் ஒருவர். மூப்பு வரிசையில் சுழன்று வரும் கல்லூரி முதல்வர்கள். ஆசிரியர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள். பட்டதாரிகள் சார்பில் சிலர். பேசியதை எல்லாம் எழுதி வைக்க, ஓட்டில்லாத பதிவாளர். காகிதத்தில் பார்த்தால் கல்யாண வீட்டுப் பந்தி. நேரில் போனால் பாதி இலைக்கு ஆள் இல்லை. துணைவேந்தரின் காலம் முடிந்து இன்னொருவர் வரவில்லை. மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அவர் வேலையைப் பார்க்கிறது. பட்டதாரிகள் தேர்தல் வழக்கில் கிடக்கிறது. ஓய்வு பெற்ற முதல்வர்களின் இடத்தில் அடுத்தவர் பெயர் ஏறவில்லை. சென்னை அதிகாரிகள் திரையில் வருவார்கள், பேசுவார்கள், ஆட்சேபிப்பார்கள். தலைக்கணக்கில் மட்டும் சேரமாட்டார்கள். கூடத்தில் உடம்போடு ஏழு பேர் உட்கார்ந்தால்தான் அது கூட்டம். இல்லாவிட்டால் ஏழுக்குக் குறைந்த சிலர் காபி குடித்ததாகத்தான் அர்த்தம்.

ஜமீல் ஆசிரியர் தொகுதியில் நின்று ஜெயித்தவன். நிற்க வைத்தவள் மனைவி சம்ரீன். ஒவ்வொரு கூட்டம் முடிந்து வந்ததும் கேட்பாள்: "இன்னைக்காச்சும் வாயத் திறந்தீங்களா?" அவன், "கையெழுத்துப் போட்டேன்" என்பான். "அதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமேங்க. நீங்க எதுக்கு?" என்பாள்.

மார்ச்சில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று தில்லை நகர் மருத்துவமனைக்குள் நடந்து போனவள், நான்காம் நாள் அமரர் ஊர்தியில் திரும்பினாள். வந்தவர்கள் எல்லோரும் "சபூர் பண்ணுங்க" என்றார்கள். அவன் பொறுமையைத் தேட வேண்டியிருக்கவில்லை. உள்ளே எதுவும் அசையவே இல்லை. அக்கா சுராயா அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்காவது கசிகிறதா என்று குழாயைப் பார்ப்பதுபோல். கசியவில்லை. பதினைந்தாம் நாள் கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுத்தான்.

மே மாதக் கூட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் பதிவாளர் ரங்கசாமி கூப்பிட்டார். மணப்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். போனிலும் எழுந்து நின்றே பேசுவார் என்று தோன்றும். "சார், நேத்து இரங்கல் தீர்மானத்துல உங்க வீட்டம்மா பேரு இருந்துச்சு. நீங்க வரலீங்களா, அப்படியே வெச்சிட்டோம். உறுப்பினர் வீட்டு துக்கம்னா உறுப்பினர் இருக்கும்போதுதான் வாசிக்கறது. மரபுங்க. சார் வரட்டும்னு தலைவர் சொல்லிட்டாரு." ஆகஸ்டிலும் போகவில்லை. ஆகஸ்டிலும் அப்படியே வைத்தார்கள்.

இரங்கலுக்கு எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிஷம்தான் அவனுக்குப் பயம். அழுதுவிடுவோமோ என்பதல்ல. எல்லோரும் ஓரக்கண்ணால் பார்க்கும்போது ஒன்றும் வராமல் மரம்போல் நிற்பதைப் பார்த்துவிடுவார்களே என்பது. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் பதவி தானாகப் போய்விடும் என்று விதியில் இருந்தது. ராஜினாமா எழுதக்கூடத் தெம்பில்லாதவனுக்கு அது வசதியாக இருந்தது. இன்று மூன்றாவது. இன்றும் போகாவிட்டால் மாலை ஐந்து மணிக்கு மேல் அவன் உறுப்பினர் இல்லை என்று ஆகிவிட்டிருக்கும். கூட்டப் பொருள் புத்தகம் உறை பிரிக்காமல் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது.

பாலைக் காய்ச்சினான். பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்துவிட்டு ரங்கசாமிக்கு 'வருகிறேன்' என்று ஒரு சொல் அனுப்பினான்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. பேசியது சுபலட்சுமி, வேந்தர் நியமித்த உறுப்பினர். ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர். "நீங்க வரேளாமே, ரங்கசாமி சொன்னான். எங்காத்து டிரைவர் இன்னிக்கு வரலை. உத்தர வீதி உங்களுக்குப் போற வழிதானே?" வழியில்லை. பைபாஸிலிருந்து இறங்கிச் சுற்றிப்போக வேண்டும். "வழிதான் மேடம்," என்றான்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் மஞ்சள் துண்டுச் சீட்டுகள் முளைத்த கூட்டப் பொருள் புத்தகம். ஏறி உட்கார்ந்ததும் முழங்காலைப் பற்றிப் பேசினார், வீதியில் மாடு படுத்திருப்பதைப் பற்றிப் பேசினார், சம்ரீனைப் பற்றிப் பேசவில்லை. ஜமீலுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது புத்தகத்தை விரித்தார்.

"ஐம்பத்தெட்டு பார்த்தேளோ? காலக்கெடு நீட்டிப்பு. நான் ஒத்துக்கப் போறதில்லை."

ஜமீலின் கால் பிரேக்கை லேசாகத் தொட்டது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. "ஏன் மேடம்?"

"ஆராய்ச்சி விஷயம் எல்லாம் நிலைக்குழு பார்த்து, சரின்னு எழுதினப்புறம்தான் நம்மகிட்ட வரணும். இது நேரா வந்திருக்கு. அந்தப் பொண்ணு மேல எனக்கென்ன கோபம்? இன்னிக்கு ஒருத்திக்குக் கொல்லை வழியைத் திறந்துவிட்டா நாளைக்கு எவன் எவனோ அந்த வழியா வருவான். சிபாரிசுக்காரன்தான் முதல்ல வருவான்."

"எங்க காலேஜ் பொண்ணு மேடம்."

"அப்போ இன்னும் மோசம். நீங்க பேசவே கூடாது." புத்தகத்தை மூடிக்கொண்டே, "நீங்க எப்பவும் பேசறதில்லையே, அதுவரைக்கும் க்ஷேமம்," என்றார்.

அவர் சொன்னது சரி. அதுதான் சங்கடம். கீழே ஆற்றில் செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர் மணல் திட்டுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. தன்னை ஏழாவது ஆளாகக் கொண்டு போய் உட்கார வைப்பது ஜென்சியின் மனுவைத் தள்ளுபடி செய்யவா என்று நினைத்தான். திரும்பிப்போக முடியாது. பாலத்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை.

கூடத்தில் நீள்வட்ட மேஜையின் தலைமாட்டில் துணைவேந்தர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை. ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் அதன் முதுகில் வெள்ளைத் துவாலை மாற்றிப் போடுவார்கள்; இன்றைக்கும் மடிப்புக் கலையாத புதுத் துவாலை. மூவர் குழுவின் ஒருங்கிணைப்பாளரான பேராசிரியர் ஜெயக்குமார் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கூட்டத்தை நடத்துவார். எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் சென்னை அதிகாரி ஒருவரின் முகம், இன்னொன்றில் முகம் இல்லை, இன்னொரு அதிகாரியின் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு வட்டத்துக்குள். ஜமீல் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் தோளைத் தொட்டார். முதல்வர் ஆஸ்டின் எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். சந்தன நிறத்தில் பட்டுச் சட்டை போட்டிருந்தார். தில்லை நகரில் கல்யாணம், இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

ரங்கசாமி வருகைப் பதிவேட்டை நீட்டினார். ஜமீல் அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்: "அந்த மொத ஐட்டத்த மட்டும் விட்டுடலாமா சார்?"

"எப்படீங்க?" ரங்கசாமி உண்மையாகவே திகைத்தார். "ஒண்ணு முடியாம ரெண்டு எப்படிங்க வரும்?"

ஏழு கையெழுத்து விழுந்தது. ஜெயக்குமார் கூட்டம் தொடங்கியதாக அறிவித்தார். "பொருள் எண் ஒன்று. இரங்கல்." ரங்கசாமி எழுந்து வாசித்தார். தொண்ணூற்றொரு வயதில் இயற்கை எய்திய முன்னாள் பதிவாளர். ஓய்வு பெற்ற நூலகர். பணியிலிருந்தபோது இறந்த தோட்டப் பணியாளர். "ஆட்சிக்குழு உறுப்பினர் முனைவர் ஜமீல் அவர்களின் துணைவியார் திருமதி சம்ரீன்." எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் இழுபட்ட ஓசை அடங்கியதும் மழைச் சத்தம் கேட்டது. திரையிலிருந்த அதிகாரியும் எழுந்து நின்றார். கேமராவில் அவருடைய வயிறும் பெல்ட்டும் மட்டும் தெரிந்தன. ஜமீல் அந்த பெல்ட்டையே பார்த்தான். எல்லோரும் தன்னைப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது. அவன் எதிர்பார்த்தபடியே உள்ளே ஒன்றும் வரவில்லை. முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்த இடத்தில் வைத்திருந்தான்.

அப்போது கூடத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கியிலிருந்தும் ஒரு குரல் வந்தது.

"சட்னி எங்கப்பா? வெறும் போண்டாவ எப்படித் திங்கிறது?"

யாரும் அசையவில்லை. முகமில்லாத கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. ரங்கசாமி மவுஸைத் தேடினார். அது கூட்டப் புத்தகங்களுக்கு அடியில் எங்கோ இருந்தது.

"காரச் சட்னியா? யாரு கேட்டா காரச் சட்னி? எனக்கு அல்சர்னு எத்தன வாட்டி சொல்றது? தேங்கா கொண்டா, தேங்கா."

ஒரு விநோதமான ஓசை எழுந்தது. தன்னிடமிருந்துதான் வருகிறது என்று ஜமீலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சிரித்துக்கொண்டிருந்தான். வாயை மூடினான், மூக்கு வழியாக வந்தது. மேஜையைப் பிடித்தான், தோள் குலுங்கியது. மாலையில் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் அவள் தரையில் உட்கார்ந்து சிரிப்பாள், மூச்சு வாங்க, போதுங்க போதுங்க என்று. அந்த நினைப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. அடுத்ததாக சுபலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். ஆஸ்டினின் பட்டுச் சட்டை குலுங்கத் தொடங்கியது. ஜெயக்குமார் மட்டும் கடைசி வரை தாக்குப்பிடித்து, "நிமிஷம் ஆயிடுச்சு, உட்காரலாம்," என்றார். ஆகியிருக்காது.

ஜமீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டினான். மறுபடியும் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. யாரோ தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைத்தார்கள். அதற்குள் முகமில்லாத கட்டத்தில் முகம் வந்துவிட்டது. வேர்த்திருந்தது. "சார், மன்னிக்கணும். மைக்கு ஆன்ல இருந்தது தெரியல. அதுவும் இந்த மாதிரி… ரொம்பத் தப்பு சார்."

"பரவால்ல சார்," என்றான் ஜமீல். "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க."

"பொருள் எண் ஒன்று, நிறைவேற்றப்பட்டது," என்று ரங்கசாமி எழுதினார். மே மாதத்திலிருந்து காத்துக்கிடந்த ஒன்று ஒரு வரியில் முடிந்துபோனது. ஜமீல் அந்த வரியைத் தலைகீழாகப் படித்தான்.

பிறகு கூட்டம் அதன் வழக்கமான ஓட்டத்தில் ஓடியது. புதுப் பாடப்பிரிவு, கட்டட ஒப்பந்தம், தேர்வு முடிவு, ஓய்வு, பதவி உயர்வு. ரங்கசாமி எண்ணைச் சொல்வார். ஜெயக்குமார் தலையைத் தூக்கிப் பார்ப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் ஏற்கப்பட்டது. ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குப் பின்னேற்பு. தகராறு வரும்போல் இருந்தால் ஒத்திவைப்பு. ஓட்டு எடுத்து யாரும் பார்த்ததில்லை. நடுவில் தேநீர் வந்தது, தட்டில் போண்டா. அதைக் கொண்டுவந்தவர், எல்லோரும் ஏன் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிகிறார்கள் என்று புரியாமல் போனார். ஜமீல் இரண்டு தின்றான். பசித்தது.

ஆஸ்டின் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் ஐம்பத்தெட்டு வந்தது. ரங்கசாமி வாசித்து முடிக்குமுன் சுபலட்சுமியின் பேனா உயர்ந்தது.

"நிலைக்குழுப் பரிந்துரை எங்கே, ரங்கசாமி?"

"இல்லீங்க மேடம்."

"இல்லேன்னா இது எப்படி இங்கே வந்தது?"

"நிலைக்குழுவே இல்லீங்க மேடம்." ரங்கசாமி எழுந்து நின்றார். "பழைய குழு காலம் ஏப்ரலோட முடிஞ்சிருச்சு. புதுக்குழுவுக்கு நம்ம உறுப்பினர்லேர்ந்து மூணு பேரு. வேந்தர் நியமனம் நீங்க. முதல்வர்ல ஆஸ்டின் சார். ஆசிரியர்ல ஜமீல் சார். மே மாசம் வெச்சோம். சார் வரலீங்க. சார் வரட்டும்னு ஒத்தி வெச்சோம். ஆகஸ்ட்லயும் அப்படித்தான். மத்த மாணவங்களுக்கு ஜூன் வரைக்கும் டைம் இருக்கு. இந்தம்மாவுக்குத்தான் இந்த மாசத்தோட முடியுது. வேற வழி தெரியாம நேரா வெச்சிட்டேங்க."

"இன்னொருத்தர் பேரைப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாங்க." ரங்கசாமி காகிதத்தைப் பார்த்தார். "அந்த நேரத்துல சார் பேர அடிச்சுட்டு வேற பேரு எழுத யாருக்கும் மனசு வரலீங்க மேடம். நீங்களும்தான் சார் வரட்டும்னீங்க."

சுபலட்சுமி பேனாவை மூடினார். யாரும் ஜமீலைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள். அவனுக்காக அவர்கள் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள், துக்கத்தையும் வேலையையும் சேர்த்து. அந்த நாற்காலிக்கு அடியில் ஒருத்தியின் ஏழு வருஷம் சிக்கிக்கொண்டிருந்தது. செக்‌ஷனில் இதை ஜென்சிக்குச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். காலையில் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப அடுத்த கூட்டத்துக்கு…" என்று ஜெயக்குமார் தொடங்கினார்.

"சார்," என்றான் ஜமீல். குரல் பெரிதாக வந்துவிட்டது. "நான்தான் வந்துட்டேனே. இப்பப் போடுங்க குழுவ."

"போட்டுரலாம். ஆனா குழு கூடணும், பரிந்துரை எழுதணும்…"

"இப்பவே கூடறோம். பக்கத்து ரூம்ல. பத்து நிமிஷம்."

"கூட முடியாது," என்றார் சுபலட்சுமி. "நாம மூணு பேரும் வெளியில போனா இங்கே நாலுதான். கூட்டமே கலைஞ்சுது. கலைஞ்ச கூட்டத்துக்கு நாம எதைப் பரிந்துரைக்கிறது?"

"மேடம், எனக்கு மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து மூணு போன் வந்துருச்சு," என்றார் ஆஸ்டின்.

"நீங்க போகலேன்னா கல்யாணம் நிக்காது. நீங்க போனா இது நின்னுடும். உட்காருங்கோ."

ஜமீல் மேஜையைப் பார்த்தான். நீள மேஜை. இருபது பேருக்குப் போட்டது. அதன் கால்மாட்டில் ஒரு வரிசை நாற்காலிகள் தூசி தட்டாமல் கிடந்தன. "வெளிய ஏன் போகணும்?" என்றான். "அந்தக் கடைசில போய் உட்காருவோம். கூடத்துக்குள்ளதான இருப்போம்?"

சுபலட்சுமி சட்டப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தார். விரல் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. மழை விட்டிருந்தது. சென்னையின் இரண்டு முகங்களும் முன்னால் குனிந்து பார்த்தன. "கூடத்துல இருக்கணும்னுதான் இருக்கு," என்றார் கடைசியில். "எந்த நாற்காலியிலன்னு இல்லை." புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முழங்காலைப் பிடித்தபடி எழுந்து முதலில் நடந்தார்.

குழு அமைக்கப்பட்டது. அமைக்கப்பட்ட குழு, மேஜையின் மறுமுனையில் கூடியது. இந்த முனையில் ஆட்சிக்குழு காபி குடித்தது. சுபலட்சுமி ஜென்சியின் கோப்பில் ஒரு தாள் விடாமல் புரட்டினார். "ஆறு மாசம் எதுக்கு? ஆய்வேடு தயார்னு அவளே எழுதியிருக்கா. மூணு மாசம் போதும்."

"ஆறே குடுங்க மேடம்," என்றார் ஆஸ்டின். "கைக்குழந்தைக்காரி."

"கைக்குழந்தை கோப்புல இல்லையே."

"நான் பாத்திருக்கேன் மேடம். சர்டிஃபிகேட் வேணுமா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஜமீல், நீங்க?"

"ஆறு."

"சரி, ஆறு. எழுதுங்கோ."

அவன் எழுதினான். மூன்று பேரும் கையெழுத்திட்டு, தங்கள் நாற்காலிகளுக்குத் திரும்பி வந்து, தாங்களே கொடுத்த பரிந்துரையைத் தாங்களே பெற்றுக்கொண்டார்கள். ஜெயக்குமார் திரையைப் பார்த்தார். "சென்னையில ஆட்சேபம் எதுவும்?" வழக்கமாக ஐம்பது பொருளில் பத்தையாவது ஒத்திவைக்கச் சொல்பவர் அந்தச் சட்னிக்காரர். இப்போது இரண்டு கையையும் தூக்கினார். "இல்ல சார். எனக்கு எதுவுமே இல்ல சார்."

"ஏற்கப்பட்டது."

"ஒரு வரி சேருங்கோ," என்றார் சுபலட்சுமி. "கூட்டக் குறிப்பு உறுதியாகறவரைக்கும் காத்திருக்காம உடனே அமல்னு. இல்லேன்னா அடுத்த கூட்டம் நடக்கிறவரைக்கும் அந்தப் பொண்ணு உங்க செக்‌ஷன் வாசல்ல லோல்படுவா." ரங்கசாமி சேர்த்தார். ஆஸ்டின் அதுவரை உட்கார்ந்திருந்ததே அதிசயம். மிச்சம் மூன்று பொருளும் அவர் எழுந்து நின்ற நிலையிலேயே நிறைவேறின.

வெளியே வந்து ஜென்சியைக் கூப்பிட்டான். போனை அணைத்து வைத்திருந்தாள். தேர்வுப் பணியில் போன் கூடாது. சுபலட்சுமியைப் பல்கலைக்கழக வண்டியில் அனுப்புவதாக ரங்கசாமி சொன்னார். அவர் வண்டியில் ஏறுமுன் திரும்பி, "அடுத்த கூட்டம் பிப்ரவரியில். நீங்க எப்பவும்போல வாயை மூடிண்டு இருக்கலாம், ஆனா வந்துடுங்கோ," என்றார். ஜமீல் சிரித்தான். இந்த முறை அவனுக்கே அது புதிதாக இல்லை.

ஐந்து மணி வரை பொறுத்திருந்து போனில் சொல்லியிருக்கலாம். அவன் நேராகக் கல்லூரிக்கு ஓட்டினான். கழுவிவிட்ட சாலை. பாலக்கரையில் நெரிசல். கார் கண்ணாடியை இறக்கினான். ஈர மண்ணும் டீசலும் யாரோ வறுக்கும் வேர்க்கடலையும் சேர்ந்து உள்ளே வந்தன.

இரண்டாம் மாடித் தேர்வு அறையின் வாசலில் போய் நின்றான். பணியில் இல்லாதவர் உள்ளே நுழையக் கூடாது. உள்ளே மின்விசிறிகளின் ஓசையும் பேனாக்களின் ஓசையும் மட்டும். ஜென்சி கடைசி வரிசைக்கு முன்னால், கூடுதல் விடைத்தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவனைப் பார்த்தாள். அறையில் பேசக் கூடாது. அவளும் கேட்கவில்லை. அவன் ஒரே ஒரு முறை தலையை ஆட்டினான். ஆறு மாதம் என்று விரலால் காட்டினான்.

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. முன்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கி, "மேம், அடிஷனல்," என்றான். அவள் போய் ஒரு தாள் கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. பக்கத்திலிருந்தவனுக்கும் ஒன்று வைத்தாள். அடுத்த பெஞ்சில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. கேட்டவர்கள், கேட்காதவர்கள் என்று பார்க்காமல், ஒரு வரிசையில் போய் மறு வரிசையில் திரும்பி, ஒவ்வொருவர் முன்னாலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். பையன்கள் தாளைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். கடைசிப் பெஞ்சில் எழுதி முடித்துப் பேனாவை மூடி, கன்னத்தில் கைவைத்து மணிக்காகக் காத்திருந்த ஒரு மாணவி, தன் முன்னால் வந்து விழுந்த வெள்ளைத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.